ஓட்டுக்கு ஒரு கலவை வாக்கியம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர் தோன்றுவது, வீட்டுக்குப் புதிதாகச் சேவல் வாங்கி வருவது போன்றது. பொழுது விடிந்ததோ இல்லையோ, அது கூவிக்கொண்டேயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களும் தூங்க முடியாது. எங்கள் தீவில் ரோஸ் பெல் என்ற ஊருக்கு அப்பால், கரும்புக் காட்டின் நடுவே இருந்த எங்கள் காம்பில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை அப்படித்தான் சொல்வோம்) பெண்ணாகப் பிறந்தும் அந்தச் சேவல் நான்தான்.

என்னை அப்பா பள்ளிக்கு அனுப்பியது ஆசையால் அல்ல, அவமானத்தால். தோட்டங்களில் கூலித் தகராறு மூண்டிருந்த காலத்தில், அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் ஒருநாள் தோட்ட ஆபீசுக்குக் குறை சொல்லப் போனார்கள். "வாயால் சொன்னால் காற்றோடு போகும், எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றாராம் அங்கிருந்த குமாஸ்தா. அத்தனை ஆண்பிள்ளைகளும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். ஒருவருக்கும் எழுதத் தெரியாது. அப்பா வீட்டுக்கு வந்து, மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த என்னைத் தூக்கி, முகத்தைக் கழுவி, நேரே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். கூலி உயர்ந்ததா என்று கேட்காதீர்கள். நான் உயர்ந்தேன். மற்றவர்களைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்த அளவுக்கு உயர்ந்தேன்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கில இலக்கணம் எடுத்த ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு வாக்கியங்களை அறுத்துக் காட்டுவார். தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலவை வாக்கியம். தனியே நிற்கக்கூடிய முதன்மைத் தொடர். அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சார்புத் தொடர். மற்றப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் மட்டும் கண் இமைக்காமல் பார்த்தேன். உலகமே திடீரென்று அறை அறையாகப் பிரிந்து, ஒவ்வோர் அறைக்கும் என் கையில் ஒரு சாவி வந்தது போலிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாக்கியம் பேச முடியவில்லை.

"மழை வந்தா துணியை எடுத்து உள்ள போடு" என்பார் அம்மா.

"அம்மா, 'மழை வந்தா' என்பது சார்புத் தொடர். 'துணியை எடு' என்பது முதன்மைத் தொடர். மொத்தத்தில் இது கட்டளை."

"துணி நனையுதுடி."

"இது செய்தி வாக்கியம்."

வாக்கிய வகைகளையும் நான் காம்பின் கணக்கில் ஆராய்ந்து வைத்திருந்தேன். கட்டளை வாக்கியம் தோட்டத் துரைக்கும் கூலிகளை வேலை வாங்கும் சர்தாருக்கும் உரியது. வினா வாக்கியம் போலீசுக்கு. உணர்ச்சி வாக்கியம் எங்களுக்கு ("அயோ!" என்ற ஒரே சொல்லில் எங்கள் காம்பு ஒரு நாள் முழுவதையும் ஓட்டிவிடும்). செய்தி வாக்கியம் மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை. அங்கே செய்தி என்று ஒன்று நடந்தால்தானே?

எனக்குப் பதினேழு வயதானபோது நடந்தது. ஆறாம் வகுப்பைத் தேறி முடித்து, அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியையாக இருந்தேன். புதிய சட்டம் வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. அதுவரை சொத்துள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. இனி இந்தத் தீவில் வழங்கும் ஏதாவது ஒரு மொழியில் எளிய வாக்கியம் எழுதவும் படிக்கவும் தெரிந்தால் போதும். ஆணோ பெண்ணோ, கரும்பு வெட்டுகிறவரோ யாரோ, ஓட்டு உண்டு. பதிவு அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அன்று அப்பா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். சாமி கும்பிடப் போகிறவர் போல இருந்தார்.

"பாக்கியம், எனக்கு ஓட்டு வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் வாழ்க்கையில் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

"கோயில்ல சாயங்காலம் தமிழ்ல எழுதச் சொல்லித் தர்றாங்களாம். அங்க போகட்டுமா?" என்றார் தயங்கிக்கொண்டே.

இங்கேதான் சேவல் கூவியது.

"கோயில்ல என்னப்பா சொல்லித் தருவாங்க? 'நான் கரும்பு வெட்டுகிறேன்.' அது தனி வாக்கியம். மூணாம் வகுப்புப் பிள்ளைங்க எழுதுறது. ஆறாம் வகுப்புப் படிச்ச பொண்ணோட அப்பா அதைப் போய் எழுதலாமா? தமிழ் சாமிக்கு இருக்கட்டும். சர்க்காருக்கு இங்கிலீஷ். அதுவும் கலவை வாக்கியம்."

"எளிய வாக்கியம் போதும்னு சொன்னாங்களே, மா."

"போதும்னு சொன்னா, அதுக்கு மேல எழுதக்கூடாதுன்னு அர்த்தமா?"

படித்த பெண் சொன்னால் மறுபேச்சு ஏது? அப்பா சரி என்றார்.

சமையல்கட்டின் தகரச் சுவரில் அடுப்புக் கரியால் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் ஒரு கூலித் தொழிலாளியாக இருந்தாலும், ஆறாம் வகுப்பில் சிறப்பாகத் தேறிய என் மகள் பாக்கியம் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருப்பதால், இந்தத் தீவு எப்படி ஆளப்பட வேண்டும் என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு என நம்புகிறேன்.'

எழுதி முடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். அதில் சார்புத் தொடர்கள் கோயில் கோபுரத்துப் பொம்மைகள் மாதிரி அடுக்கடுக்காக நின்றன. எனக்கே கண்ணில் நீர் வந்தது.

அப்பாவும் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

'நான்' என்பதற்கான ஆங்கில எழுத்தைக் காட்டினேன்.

"இந்த ஒத்தைக் கோடா?"

"ஆமாப்பா."

"அப்ப இந்த நீளமா, சுவர் முனை வரைக்கும் போகுதே, அது யாரு?"

"அது நான்ப்பா."

அப்பா அந்த ஒற்றைக் கோட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

முதன்மைத் தொடரும் சார்புத் தொடரும் என்னவென்று அவருக்குப் புரிய வைக்கவும் முயன்றேன். "முதன்மைத் தொடர் சர்தார் மாதிரிப்பா. தனியா நிக்கும். சார்புத் தொடர் கூலிக்காரங்க மாதிரி. சர்தார் இல்லாம அதுக்கு அர்த்தமே இல்லை."

"சர்தாருக்குக் காய்ச்சல் வந்து படுத்தாலும் நாங்க கரும்பு வெட்டத்தானே செய்யறோம்? நாங்க ஒரு நாள் படுத்தா சர்தார் என்ன பண்ணுவான்?"

"இங்கிலீஷ்ல அப்படி இல்லப்பா."

"அதான் ஓட்டு வேணுங்கிறேன்" என்றார் அப்பா.

செய்தி பரவியது. முதலில் பக்கத்து வீட்டு ரங்கன் தோந்தோன் வந்தார் (தோந்தோன் என்றால் மாமா; எங்கள் தீவில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் தோந்தோன்தான்). கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். அவருக்குப் பின்னால் செல்லம்மா தாந்தின் (தாந்தின் என்றால் அத்தை). இவருக்கு எல்லாமே ஆண்பிள்ளைகள். பிறகு ஆலையில் வேலை செய்த கோவிந்தன். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். அப்புறம் காம்பில் பாதிப் பேர். எங்கள் சமையல்கட்டு சர்க்கார் பள்ளியைவிட நிரம்பி வழிந்தது. அம்மா அடுப்பை முற்றத்துக்கு மாற்றிக்கொண்டார். "எனக்கு ஓட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். சோறு வடிக்க இடம் கொடுத்தாப் போதும்" என்றார்.

சுவர் ஒன்றுதான், அதில் வாக்கியமும் ஒன்றுதான். எல்லோரும் அதையே பார்த்து எழுதிப் பழகினார்கள்.

"அவங்கவங்க பேரு, அவங்கவங்க பிள்ளை பேருன்னு மாத்திக்கணும். சரியா?" என்று நான் எச்சரிக்கத்தான் செய்தேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஆனால் எங்கள் ஜனங்கள் எதையும் எப்படிக் கற்பார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். எங்கள் கோயிலில் தேவாரம் பாடுகிறவர்களில் பலருக்கு அதன் பொருள் தெரியாது. காதால் கேட்டு, வாயில் போட்டு, அப்படியே முழுசாக மனசில் இறக்கிக்கொள்வார்கள். ஓர் எழுத்து பிசகாது. என் வாக்கியத்தையும் அப்படித்தான் கற்றார்கள். சில நாட்களில் அதற்கு ஒரு ராகமே வந்துவிட்டது. முதல் சொல்லான 'ஆல்தோ'வை (தமிழில் 'இருந்தாலும்') ரங்கன் தோந்தோன் நீட்டி இழுத்து ஆரம்பிப்பார். மற்றவர்கள் பின்பாட்டு. பாடிக்கொண்டே கை எழுதும். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும்.

"தோந்தோன், 'மகள் பாக்கியம்'னு வர்ற இடத்தை மாத்தணும். உங்களுக்கு மகள் இல்லையே" என்று ஒருநாள் நினைவுபடுத்தினேன்.

அவர் பதறிப்போனார். "பாட்டுல பேரை மாத்தறதா? சாமி குத்தம் ஆயிடும், மா. தேவாரத்துல சிவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட முடியுமா?"

நான் விட்டுவிட்டேன். (சிவன் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன் அல்லவா? பதினேழு வயதில் அந்தப் பதவியை யார் மறுப்பார்கள்?)

பதிவு நாள் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் மேசை போட்டிருந்தார்கள். பதிவு அதிகாரி வக்குவாவிலிருந்து வந்த தமிழர். கோட்டும் கழுத்துப் பட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். ஆட்களை வரிசையில் நிறுத்தும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது ரிப்பன் சகிதம் நான் வாசலருகே நின்றேன். 'யார் அந்தப் பாக்கியம்?' என்று அதிகாரி கேட்கப்போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டதும் எப்படித் தலை குனிந்து முன்னால் போக வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்திருந்தேன்.

வரிசையில் அப்பாதான் முதலில் நின்றார். ஆனால் பின்னால் திரும்பி, "நம்ம வீட்டுல படிச்ச பாடம். விருந்தாளி முன்னாடி போறதுதான் மரியாதை" என்று சொல்லி எல்லோரையும் ஒவ்வொருவராகத் தனக்கு முன்னால் விட்டார். கடைசியில் எங்கள் காம்பு ஆட்களில் கடைசி ஆளாக நின்றார்.

ரங்கன் தோந்தோன் உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஆ...ல்தோ" என்று தொடங்கினார். எழுதி முடித்ததும் அதிகாரி வாங்கிப் படித்தார். அவருடைய புருவம் கண்ணாடிக்கு மேலே போனது.

"பிரமாதம், தோந்தோன்! என் ஆபீசில்கூட இப்படி எழுதுகிறவர்கள் இல்லை. உங்கள் மகள் கெட்டிக்காரி" என்றார்.

"கெட்டிக்காரிதான், மிசியே" என்றார் தோந்தோன். பொய்யில்லையே.

நான் ரிப்பனைச் சரிசெய்துகொண்டேன்.

அடுத்து செல்லம்மா தாந்தின். அதிகாரி படித்தார். மறுபடி படித்தார். முதல் தாளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீங்கள் இருவரும் கணவன் மனைவியா?"

"அயோ, வாயைக் கழுவுங்க, மிசியே!" என்றார் தாந்தின்.

மூன்றாவது ஆள் எழுதியபோது அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. நான்காவது ஆள் எழுதியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் வரிசையில் காத்திருந்தவர்கள் மறந்துவிடக் கூடாதே என்று மெல்ல ராகம் போட ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்க 'ஆல்தோ' என்று பஜனை நடந்தது. ஓடலாம் என்றால் வாசலை நானே வரிசையால் அடைத்து வைத்திருந்தேன்.

கோவிந்தன் எழுதிக் கொடுத்தார்.

"உன் வயசு என்ன?" என்றார் அதிகாரி.

"இருபத்திமூணு, மிசியே."

"உன் மகள் பாக்கியத்துக்கு?"

கோவிந்தன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பதினேழு, மிசியே" என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

கடைசியில் அப்பா வந்தார். அவர் எழுதியது மற்ற எல்லாரும் எழுதியதைவிட அழகாக இருந்தது. எத்தனையோ சாயங்காலம் கரும்புக் கத்தியைக் கீழே வைத்த கையோடு பழகிய எழுத்து. அதிகாரி அதைப் படிக்கவே இல்லை.

"இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே மகள்தானா?"

"இல்ல, மிசியே. மோ தீஃபி சா! அது என் பொண்ணு. நிஜமா என் பொண்ணுதான்."

"இதுவரை வந்த எல்லாரும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்."

"அவங்க எழுதினாங்க. நான் பெத்தேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. மேசைக்கு மேலாகக் குனிந்து தமிழும் எங்கள் தீவுப் பேச்சான கிரெயோலும் கலந்து தணிந்த குரலில் சொன்னார்: "இதோ பாருங்க, தோந்தோன். இதை விடுங்க. வேற ஒரு சின்ன வாக்கியம் எழுதுங்க. தமிழ்ல எழுதினாலும் சரி, கிரெயோல்ல எழுதினாலும் சரி. 'நான் கரும்பு வெட்டுகிறேன்.' போதும். ஓட்டுத் தர்றேன்."

நான் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் வாக்கியம். கோயிலில் சொல்லித் தந்துகொண்டிருந்த அதே வாக்கியம்.

அப்பா பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியர்வை நெற்றியிலிருந்து திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. நெடுநேரம் கழித்துக் கை அசைந்தது. அசைந்த கை எழுதியது, 'ஆல்தோ.'

"யார் இந்தப் பாக்கியம்?" என்று கேட்டார் அதிகாரி.

நான் தலை குனிந்து முன்னால் போனேன். ஒத்திகை பார்த்தபடியேதான் போனேன்; காரணம்தான் வேறு.

"மாம்செல், வாக்கியம் அருமை. ஆனால் இவர்கள் எழுதவில்லை; உங்களை வரைந்திருக்கிறார்கள்" என்றார். அத்தனை தாள்களிலும் ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டார்.

திரும்பி வரும் வழியில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாதான் கடைசியில் பேசினார். "நல்ல வாக்கியம்தான். ஆளுங்க நிறையப் பேர் ஏறிட்டோம். வண்டி குடை சாஞ்சிருச்சு."

அம்மா முற்றத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் ஈரத் துணியால் தகரச் சுவரைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

தேர்தல் அன்று, கோயிலில் தமிழ் எழுதப் படித்தவர்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் காம்பைக் கடந்து போனார்கள். தனி வாக்கியக்காரர்கள். அப்பா வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அன்று வெட்டுவதற்குக் கரும்பு எதுவும் இல்லை. நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, ஒரு சின்ன வாக்கியம் சொல்லித் தர்றேன். அடுத்த தேர்தலுக்கு ஆகும்" என்றேன். "எனக்குத்தான் ஒண்ணு தெரியுமே, மா" என்றார். அடுத்த தேர்தலும் அவர் ஓட்டு இல்லாமலே போனது.

இதற்கிடையில் ஒரு கல்யாணம் நடந்தது. பொய் சொல்லத் தெரியாத அந்தக் கோவிந்தன் என்னைப் பெண் கேட்டு வந்தார். "சர்க்கார் தாள்ல இவருக்கு நீ மகள்டி" என்று செல்லம்மா தாந்தின் சபையில் எல்லார் காதிலும் விழச் சொன்னார். புரோகிதர் 'பெண்ணின் தகப்பனார் வரலாம்' என்றதும் ரங்கன் தோந்தோன் உட்பட எங்கள் காம்பே எழுந்து நின்றது. இந்த அவமானத்தை நான் இங்கே விரிக்கப் போவதில்லை.

பிறகு, எழுதத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனது. அப்பாவுக்கு முடி நரைத்திருந்தது. புதுச் சட்டை போட்டு, நானும் கோவிந்தனும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். சின்னம் பார்த்துப் பெருக்கல் குறி போட்டால் போதும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். நன்றாகத் தலையாட்டினார்.

மறைப்புக்குள் போனவர் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அங்கிருந்த ஊழியர் இரண்டு தடவை கூப்பிட்டார். உள்ளேயிருந்து மெல்லிய ராகம் ஒன்று கேட்டது.

வெளியே வந்த அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"என்னப்பா பண்ணினீங்க உள்ள?"

"எழுதிட்டேன்."

"குறி போடறதுதானேப்பா?"

"குறி எல்லாரும் போடுவாங்க. எனக்கு எழுதத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? இடம் பத்தல. பின்பக்கமும் எழுதினேன்."

கோவிந்தன் மெதுவாகச் சொன்னார்: "மாமா, அது செல்லாத ஓட்டு ஆயிடும்."

"ஏன் செல்லாது? பாக்கியம் சொல்லித் தந்தது. அதுல ஒரு தப்பு இருக்கா, கேளு."

என்னைப் பார்த்தார். தப்பே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோவில் எந்தத் தேர்தல் முடிவு வாசித்தாலும், வேட்பாளர்களின் பெயர்கள் முடிந்ததும், கோவிந்தன் அதே குரலில், "பாக்கியம், ஒரு ஓட்டு" என்று சேர்த்துக்கொள்வார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிப்பதில்லை. நான் தோற்றுவிட்டேனே என்று அவருக்கு வருத்தம். என் தலையில் கையை வைத்து, "அடுத்த தடவை பாத்துக்கலாம், மா" என்பார்.